வைக்கோலுக்குப் பின்னால் இருந்த கண்டன்சர்

கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்குமே தெரியாத சில வருடங்கள் இருந்தன, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சமயத்தில் ஒரு பங்குனி மாதம் நடந்தது இது. வலங்கைமானிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமம். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். அங்கே நில வழக்கு இன்னும் முடியவில்லை.

நான் கும்பகோணத்தில் ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவள். அம்மா நடவு ஆள். அப்பா செங்கல் காளவாயில் வேலை பார்த்தவர். ஐ.டி.ஐ.யில் இந்தப் படிப்பை எடுத்தபோது வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். பையும் கையுமாக வாசலில் நிற்கிற என்னிடமே “மெக்கானிக் எப்பம்மா வருவாரு?” என்று கேட்கிற வீடுகள் இன்றைக்கும் உண்டு. அதனாலேயோ என்னவோ எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி, வீம்பு அதைவிட ஜாஸ்தி. அன்றைக்கு என்னை ஒரு ஊரே பார்க்கத் திருதிருவென்று விழிக்க வைத்தது அந்த வீம்புதான்.

தஞ்சாவூர்ப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரி ஒன்று, கிராமத்துப் பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்ய ஒரு வேன் வைத்திருந்தது. சினிமாக்காரர்களின் கேரவன் மாதிரி பெரிய வண்டி. உள்ளே எக்ஸ்ரே எடுப்பது போல ஒரு மிஷின், கூரைக்கு மேலே ஏசி, பின்பக்கம் ஜெனரேட்டர். ஒருநாள் காலை ஏழரை மணிக்கு அந்த வண்டியின் டிரைவர் அண்ணன் எனக்கு போன் செய்தார். ஏசியில் காற்று வரவில்லை, கருகின வாடை அடிக்கிறது, அறை சூடாகிவிட்டால் மிஷின் தானாகவே நின்றுவிடும், உடனே வர முடியுமா என்றார். மிஷின் பார்க்கிற மேடம், பெண் மெக்கானிக்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பரிசோதனைக்குப் பெண்கள் வந்து உட்கார்ந்திருக்கும்போது வண்டிக்குள் ஓர் ஆண் போய் வந்துகொண்டிருந்தால் பாதிப் பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்பது அவருடைய கவலை.

கேட்டவுடனே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அதாவது, புரிந்துவிட்டதாக நானே முடிவு செய்துகொண்டேன். கருகின வாடை என்றால் ஃபேன் மோட்டார் எரிந்திருக்கிறது, அவ்வளவுதான். உதிரி பாகக் கடைக்காரரை வீட்டுக்கே போய் எழுப்பி, விண்டோ ஏசியில் போடுகிற, இரண்டு பக்கமும் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும் மோட்டார் ஒன்றை வாங்கினேன். “கிராமத்துக்குப் போற, கெப்பாசிட்டரும் ஒரு செட்டு எடுத்துக்கிட்டுப் போம்மா” என்றார் அவர். “மோட்டார் போனா மோட்டார மாத்தணும்ண்ணே, கெப்பாசிட்டர் என்ன பண்ணுச்சு பாவம்?” என்று சிரித்துவிட்டு ஸ்கூட்டரைக் கிளப்பினேன்.

கெப்பாசிட்டர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சீலிங் ஃபேன் சோம்பேறித்தனமாகச் சுற்றினால் எலக்ட்ரீஷியன் வந்து மேலே கிண்ணத்துக்குள் இருக்கிற விரல் நீள டப்பா ஒன்றை மாற்றுவாரே, அதுதான். நம் பக்கத்தில் கண்டன்சர் என்பார்கள். மோட்டாரைத் தள்ளிவிடுகிற சாமான் அது. அது வலுவிழந்துவிட்டால் எவ்வளவு நல்ல மோட்டாரும் முக்கிக்கொண்டு நிற்குமே தவிர ஓடாது.

போகிற வழியில் மெயின் ரோட்டில் கொடிகளோடு ஆட்கள் கூடிக்கொண்டிருந்தார்கள். குத்தகை நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சாலை மறியல் செய்யப் போவதாக ஒரு போலீஸ்காரர் சொன்னார். நான் தாண்டிய சற்று நேரத்தில் ரோட்டை மறித்துவிட்டார்கள் என்று பின்னால் தெரிந்தது.

கிராமத்துக்குள் நுழைந்தால், பள்ளிக்கூடத்தை ஒட்டி வேன் நின்றிருந்தது. அதன் நிழலில் நாற்பது பெண்களுக்கு மேல் உட்கார்ந்திருந்தார்கள். முதல் டோக்கனை வைத்திருந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். தலைக்குக் குளித்து, சலவைச் சேலை கட்டி, பின்சக்கரத்தை ஒட்டி யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. முதல் டோக்கன் அம்மா என்றே சொல்கிறேன்.

என்னைத் தனியாக அழைத்துப் போய் மேடம் அவரைப் பற்றித்தான் முதலில் பேசினார். அந்த அம்மாவுக்குக் கட்டி இருப்பது கையால் பார்த்ததிலேயே தெரிந்துவிட்டது. ஒரு வருடமாக இருக்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது. போன வருடம் ஒரு நர்ஸ் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்த சீட்டு அரிசிப் பானைக்குள் கிடக்கிறதாம். இந்த ஊரில் கேம்ப் போட ஒரு நாள்தான் அனுமதி. சாயங்காலம் வண்டி அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடும். “நான் இன்னொரு சீட்டு எழுதிக் குடுத்தா அதுவும் அதே பானைக்குத்தான் போகும்க்கா. படத்தைக் கண்ணால பாத்தாத்தான் அந்த அம்மா நம்பும். இன்னைக்கு எடுத்தே ஆகணும்” என்றார்.

“ஒரு மணி நேரம் குடுங்க மேடம்” என்றேன். ஒரு மணி நேரம்! என் வாயை என்ன சொல்வது?

கூரை மேல் ஏறி ஏசியின் மூடியைக் கழற்றினேன். உள்ளே ஏசியைக் காணவில்லை. முழுக்க உளுந்துப் பொட்டு. காய்ந்த இலை, தோல், சக்கை என்று மெத்தை போட்டமாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. கீழே நின்ற டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்தார்.

எங்கள் பக்கத்தில் சம்பா அறுவடைக்குப் பின்னால் வயலில் உளுந்து எடுப்பார்கள். செடியைப் பிடுங்கிவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற பஸ், லாரி எல்லாம் அதன் மேல் ஏறி இறங்கினால் காய் உடைந்து உளுந்து உதிர்ந்துவிடும், ஆள் வைத்து அடிக்க வேண்டியதில்லை. இத்தனை பெரிய வேன் ஊருக்குள் வந்தால் சும்மா விடுவார்களா? ரோட்டில் உளுந்து பரப்பியிருந்தவர் கையைக் காட்டி நிறுத்தி, ரெண்டு ரவுண்டு போய்ட்டு வாங்க என்று கேட்டிருக்கிறார். டிரைவர் அண்ணனும் இரக்கப்பட்டு ஏழெட்டு ரவுண்டு போயிருக்கிறார், ஏசியை அணைக்காமலே. பக்கத்தில் தூற்றிக்கொண்டும் இருந்திருக்கிறார்கள். பறந்த அத்தனை தூசியையும் கூரை ஏசி ஆசையாக உறிஞ்சிக்கொண்டது. ஃபேன் சுற்ற முடியாமல் சிக்கி, மோட்டார் எரிந்துபோயிருந்தது.

தூசியை அள்ளிக் கொட்டி, எரிந்த மோட்டாரைக் கழற்றினேன். காற்றாடியைத் தண்டோடு பிடித்திருந்த திருகாணி துருப்பிடித்து நகர மறுத்தது. மண்ணெண்ணெய் ஊற்றி, தட்டி, மறுபடி ஊற்றி, ஒரு வழியாகக் கழற்றுவதற்குள் விரல் தோல் உரிந்துவிட்டது. புது மோட்டாருக்கும் பழைய துளைகளுக்கும் பொருந்தவில்லை. பட்டைக் கம்பியில் துளை போட்டு மாட்டினேன். ஒரு பக்கத் தண்டு நீளம், ரம்பத்தால் அறுத்தேன். சுற்றும் திசை மாறியிருந்ததால் ஒயரை மாற்றிக் கொடுத்தேன். பங்குனி வெயில், தகரக் கூரை. முழங்காலை வைத்த இடமெல்லாம் பொசுக்கியது. ஆனாலும் வேலை கைக்குள் வந்துகொண்டிருந்த சந்தோஷத்தில் எதுவும் தெரியவில்லை.

பழைய கெப்பாசிட்டரையும் சோதித்தேன். எப்படி? மீட்டர் பைக்குள் இருக்கும்போதே, எல்லோரும் செய்கிற குறுக்கு வழியில். கரண்ட் கொடுத்துவிட்டு இரண்டு முனையையும் ஒயரால் தொட்டால் பொறி பறக்கும். பொறி வந்தது. நல்லா இருக்கு என்று அதையே மாட்டிவிட்டேன்.

ஜெனரேட்டரைப் போடச் சொன்னேன். காற்றாடி மனசில்லாமல் சுற்றியது. கம்ப்ரசர் ‘ம்ம்ம்’ என்று முனகியது, அடங்கிவிட்டது. மறுபடி போட்டேன். மறுபடி முனகல். கீழே நாற்பது பெண்கள் அண்ணாந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்னாச்சும்மா?” என்று யாரோ கேட்டார்கள்.

“ஜெனரேட்டர் இழுக்கல” என்றேன், யோசிக்காமல்.

பாவம் டிரைவர் அண்ணன், அதை நம்பி ஜெனரேட்டரைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்தார். அவர் அதில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மீட்டரை எடுத்து கெப்பாசிட்டரை முறையாக அளந்தேன். ஒரே டப்பாவுக்குள் இரண்டு அளவு. கம்ப்ரசருக்கு முப்பத்தைந்து மைக்ரோஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் பதினொன்று காட்டியது. ஃபேனுக்கு ஐந்து வேண்டும், ஒன்றரைகூட இல்லை. தப்பு ஜெனரேட்டரிடம் இல்லை, என்னிடம். கடைக்காரர் கையில் கொடுத்ததை வேண்டாம் என்று சிரித்துவிட்டு வந்திருக்கிறேன்.

அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்பது பேருக்கு முன்னால், அதுவும் ‘பொம்பள மெக்கானிக்கு’ என்று வேடிக்கை பார்த்தவர்களுக்கு முன்னால், எனக்கு வாய் வரவில்லை. கடைக்காரருக்குப் போன் செய்தேன். மறியலில் இரண்டு இடத்தில் ரோடு அடைபட்டிருக்கிறது, சாயங்காலம் வரை ஈ காக்கை வர முடியாது என்றார்.

அப்போது மணி பன்னிரண்டு. மேடம் வந்தார். முதல் டோக்கன் அம்மாவை மட்டும் பார்த்துவிட்டுப் போனார். அந்த அம்மா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக் கிளம்புகிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. கூரையிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடி, “அம்மா, ஒக்காருங்க. நான் சரி பண்ணாம இங்கேருந்து போக மாட்டேன். நீங்களும் போகக் கூடாது” என்று அவர் கையைப் பிடித்தேன். என் கையில் இருந்த கிரீஸ் அவர் வளையல் வரை ஒட்டிக்கொண்டது. அவர் மறுபடி உட்கார்ந்தார்.

உட்கார்த்தி வைத்துவிட்டேன், சரி. கெப்பாசிட்டருக்கு எங்கே போவது?

ஒரு கிராமத்தில் கெப்பாசிட்டர் எங்கெல்லாம் இருக்கும் என்று விரல் விட்டு யோசித்தேன். ஃபேனுக்கு வேண்டியது ஐந்து. சீலிங் ஃபேனில் இருப்பது இரண்டரை. இரண்டைச் சேர்த்தால் ஐந்து! அங்கே நின்ற பெண்களிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் ஒன்பது ஃபேன்கள் வந்து சேர்ந்தன. கண்டன்சரை மட்டும் கழற்றத் தெரியாமல் முழு ஃபேனையே தலையில் தூக்கி வந்துவிட்டார்கள். ஒருவர், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டேபிள் ஃபேனை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து, “எங்க வீட்டுல கரண்டு இருந்தாத்தானே இது சுத்தும், நீங்களே வச்சுக்குங்க” என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கம்ப்ரசருக்கு வேண்டியது முப்பத்தைந்து. அவ்வளவு பெரியது ஃபேனில் கிடைக்காது. ஆனால் போர் மோட்டாரில் கிடைக்கும். அந்த வருடங்களில் வயலுக்கு மூன்று பேஸ் கரண்ட் சில மணி நேரம்தான் வரும். மீதி நேரம் இரண்டு பேஸ்தான். அதில் மோட்டார் ஓடாது. கண்டன்சர் ஒன்றைக் குறுக்கே மாட்டி விவசாயிகள் ஓட்டிவிடுவார்கள். அது கூடாது என்று சட்டம். மின்வாரிய ஸ்குவாடு வந்து பிடித்தால் அபராதம், இணைப்பையே துண்டித்துவிடுவார்கள். அப்படியும் பயிர் காயும்போது யார் சட்டத்தைப் பார்ப்பார்கள்? ஊருக்குப் பத்துக் கொட்டகையிலாவது இருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

போய்க் கேட்டேன். காக்கி கோட்டு, சட்டைப் பையில் டெஸ்டர், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. இந்தக் கோலத்தில் ஒரு புதுப் பெண் வந்து ‘உங்க கொட்டகையில கண்டன்சர் இருக்கா?’ என்றால் யார் ஆமாம் என்பார்கள்?

“கண்டன்சரா? அப்படின்னா என்னம்மா?” என்றார் ஒருவர். “நாங்க மூணு பேஸ் வந்தா மோட்டாரப் போடுவோம், வரலன்னா வானத்தப் பாப்போம்” என்றார் இன்னொருவர், மகா பணிவாக. நான் ஆஸ்பத்திரி வண்டிக்குத்தான் கேட்கிறேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அதுவும் ஸ்குவாடின் புதுத் தந்திரம் என்று நினைத்தார்கள் போல. இன்னொரு விஷயமும் இருந்தது. அந்த ஊரில் நிலம் வைத்திருப்பவர்களும் குத்தகைக்காரர்களும் மூன்று வருடமாக ஒருவர் மேல் ஒருவர் பெட்டிஷன் போட்டுக்கொண்டிருந்தார்கள். யாரையும் யாரும் நம்புகிற நிலையில் இல்லை.

கடைசியாக, ரோட்டில் உளுந்து பரப்பியிருந்தவரிடமே போனேன். ஊரில் அதிக நிலம் அவருக்குத்தான். மிராசு வீடு என்பார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், தோளில் துண்டு. வாய்வார்த்தையாகக் குத்தகைக்குப் பயிர் செய்துவந்த ஆறு குடும்பங்கள், தாசில்தாரிடம் போய்க் குத்தகைப் பதிவு கேட்டதும், அவர்களை நிலத்தைவிட்டு இறக்கியவர் அவர்தான். அன்றைய மறியலே அவரைப் போன்றவர்களுக்கு எதிராகத்தான்.

“ஐயா, உங்க உளுந்தாலதான் அந்த ஏசி போச்சு” என்று எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தேன். எனக்குப் பொறுமை தீர்ந்திருந்தது. “உங்க போர் மோட்டார் கண்டன்சரக் குடுங்க. சாயங்காலம் நானே கொண்டாந்து தர்றேன்.”

“எங்கிட்ட ஏதும்மா கண்டன்சர்? நீங்க எந்த ஆபீஸ்லேருந்து வர்றீங்க?” என்று திருப்பிக் கேட்டார்.

“கொட்டாய்க்குள்ள, தெக்கு சுவத்துல இருக்குங்க. வைக்கோல் அடைச்சிருக்குல்ல, அதுக்குப் பின்னால ஆணியில.”

பேசியது நான் இல்லை. திரும்பிப் பார்த்தேன். முதல் டோக்கன் அம்மா. எனக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பெண்கள்.

மிராசுக்காரரின் முகம் மாறிவிட்டது. “ஒனக்கு எப்படித் தெரியும்?”

“ஸ்குவாடு வந்த அன்னைக்கு விடியக்காலம் நீங்களே மறைச்சு வெச்சீங்க. நான் வரப்புல நின்னுக்கிட்டு இருந்தேன்.”

அவர் குரலைத் தாழ்த்தி, “ஸ்குவாடுக்குப் பெட்டிஷன் போட்டதே ஒன் வீட்டுக்காரன்தான். அன்னைக்கே ஏன் நீ காட்டிக் குடுக்கல?” என்றார்.

“காட்டிக் குடுத்திருந்தா மோட்டாரு நின்னிருக்கும். ஆத்துலயும் தண்ணி இல்ல. நாத்து வேர் புடிக்காத நேரம்” என்றார் அந்த அம்மா. “நெலம் ஐயாவோடதா இருக்கலாம். நட்டது நாங்கதானுங்களே?”

என் அம்மாவும் நடவு நட்டவர்தான். யார் வயல் என்று பார்த்து என் அம்மாவின் கை ஒருநாளும் நட்டதில்லை.

அந்த அம்மா நிறுத்தவில்லை. “மூணு வருஷமா எங்க வீட்டுக்காரருகிட்டகூட இத நான் சொல்லல. இப்ப எனக்காகக் கேக்கறேன். எனக்கு மாருல கட்டி இருக்கு. அந்த மிஷினு ஓடணும். குடுங்க.”

கூட வந்த பெண்களில் ஒருவர் “ஐயோ” என்று வாயைப் பொத்திக்கொண்டார். கட்டி விஷயம் அவர்களுக்கும் அப்போதுதான் தெரியும். நடு ரோட்டில், தன் குடும்பத்தை நிலத்திலிருந்து இறக்கியவருக்கு முன்னால், ஒரே மூச்சில் இரண்டு ரகசியத்தையும் போட்டு உடைத்துவிட்டு அந்த அம்மா நேராக நின்றார்.

மிராசுக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். கொட்டகையைத் திறந்து, வைக்கோலை அவரே பிடுங்கிப் போட்டார். ஆணியில் ஒரு சாண் நீள டப்பா தொங்கியது. தூசியைத் துடைத்துப் படித்தேன், முப்பத்தாறு. ஒரு புள்ளிதான் கூடுதல், தாராளமாக ஓடும். பல்பு ஒயரை வைத்து அதில் மிச்சமிருக்கும் கரண்டை இறக்கிவிட்டுக் கழற்றினேன். “இத நான் வெளியில எங்கேயும் சொல்ல மாட்டேங்க” என்றேன். “இனிமே நீ வேற சொல்லணுமாக்கும், ஊரே பாத்துக்கிட்டு நிக்குது” என்றார் அவர். அதில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது.

வேனுக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை, கூரையில் ஏறியது இல்லை. டிரைவர் அண்ணனையும் மேடத்தையும் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “ஜெனரேட்டர்ல ஒரு கோளாறும் இல்ல. கெப்பாசிட்டர் வாங்காம வந்தது என் தப்பு. அத மறைக்கத்தான் பொய் சொன்னேன்.” சொல்லும்போது காது சூடாகிவிட்டது. டிரைவர் அண்ணன், முழங்கை வரை கரியோடு, “ஒரு மணி நேரமா இத நோண்டிக்கிட்டு இருக்கேனே தாயே!” என்றார். பெண்கள் சிரித்தார்கள். நான் பயந்த மாதிரி வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

ஃபேனுக்கு இரண்டு சின்ன டப்பா, கம்ப்ரசருக்கு அந்தப் பெரிய டப்பா. ஏசிக்குள் இடம் போதாமல் பெரியதை வெளியே சட்டத்தோடு வைத்து, சைக்கிள் டியூப்பை அறுத்து இறுக்கிக் கட்டினேன். பிரித்த ஜெனரேட்டரை மறுபடி பூட்டிப் போட்டார்கள். காற்றாடி கரகரவென்று வேகம் பிடித்தது. கம்ப்ரசர் ஒரு முனகல் முனகியது. அடுத்த நொடி ‘தட்’ என்று பிடித்து, ஓட ஆரம்பித்தது. உள்ளேயிருந்து மேடம், “சில்லுனு வருதுக்கா!” என்று கத்தினார்.

அறை குளிர்ந்து மிஷின் தயாரானபோது மணி இரண்டேகால். முதல் டோக்கன் அம்மா படியேறி உள்ளே போனார்.

வெயிலில் இருந்த அந்த டப்பா சூடேறி வெடித்துவிடுமோ என்று எனக்குப் பயம். யாரோ கொடுத்த குடையை அதன் மேல் பிடித்துக்கொண்டு சாயங்காலம் வரை கூரை மேலேயே உட்கார்ந்திருந்தேன். டப்பாவுக்கு நிழல், எனக்கு வெயில். பெண்கள் மாற்றி மாற்றி மோர் கொண்டுவந்து நீட்டினார்கள். அத்தனை டோக்கனையும் பார்த்து முடித்தோம்.

முதல் டோக்கன் அம்மாவுக்கு மேடம் மிஷின் எடுத்த படத்தைக் காட்டி, விளக்கி, நாளைக்கே தஞ்சாவூருக்குப் போக வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். மறியலிலிருந்து அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சேர்ந்தது அப்போதுதான். வழியிலேயே யாரோ எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்.

“கண்டன்சர் இருந்த எடம் மூணு வருஷமா ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அந்த அம்மா தனியாக நடந்து வீட்டுக்குப் போனதைக் கூரை மேலிருந்து பார்த்தேன். ஏசி ஓடுகிற சந்தோஷமெல்லாம் எனக்கு வடிந்துவிட்டது.

ஆனால் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அந்த மனிதர் மனைவியைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அவர் முன் சீட்டில், மனைவி பின் சீட்டில். ஒரு வார்த்தை பேச்சில்லை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூடவே இருந்து, சோறு வாங்கி வந்து, மருந்துச் சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்து, அப்போதும் பேசவில்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோதுதான் “வலிக்குதா?” என்று கேட்டாராம்.

இதையெல்லாம் அந்த அம்மாவே ஒரு மாதம் கழித்து என்னிடம் சொன்னார். வேனுக்குப் புதிய கெப்பாசிட்டர் போட்டுவிட்டதால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். மிராசுக்காரர் டப்பாவை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, “அது எப்படி இருக்கு?” என்று கேட்டார். நாலு தெரு தள்ளி இருக்கிற ஒருவரைப் பற்றிக் கும்பகோணத்துக்காரியிடம் விசாரித்தார். வழக்கு நடக்கும்போது அந்த வீட்டு வாசலை அவர் எப்படி மிதிப்பார்? “போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேங்க” என்றேன். சரி என்று தலையை ஆட்டினார். நிலத்தை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. இவர்களும் வழக்கை விடவில்லை.

அந்த அம்மா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கையைத் தூக்க முடியவில்லை. சரியான நேரத்தில் வந்துவிட்டீர்கள், இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாமல் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன்.

“கண்டன்சர மூணு வருஷம் மனசுக்குள்ள வெச்சிருந்தவ நான். மறைக்கிறது எனக்குப் பழகிப்போச்சும்மா. சொல்றதுதான் பழகல” என்றார். “அன்னைக்கு அந்த ரோட்டுல நின்னப்ப நடுக்கமாத்தான் இருந்துச்சு. சொன்னா எங்க வீட்டுக்காரரு என்ன செய்வாருன்னும் தெரியும். சொல்லலன்னா நான் இருக்க மாட்டேன்னும் தெரியும். வாயத் தொறந்துட்டேன்.”

இப்போதும் ஒரு வேலை தப்பாகிவிட்டால் என் வாய் முதலில் வோல்டேஜைத்தான் குறை சொல்லப் பார்க்கும். அந்த நேரத்தில், வீடு, புருஷன், மானம் எல்லாவற்றையும் பணயம் வைத்து உச்சி வெயிலில் உண்மையைச் சொன்ன அந்த அம்மா என் கண் முன்னால் வந்து நிற்பார். ‘தப்பு என்னோடதுங்க’ என்று நாலு பேருக்கு நடுவில் சொல்ல எனக்கு அதற்குமேல் ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.